மிரண்ட குதிரை மேயத் திரும்பும்போது

ஸ்வீடனில் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் குடை ஒன்றுக்குத்தான் முக்கியப் பாத்திரம். அந்தக் குடையைக் கடைசி வரை யாரும் விரிக்கவே இல்லை.

லிண்டா கீலிங் என்ற விலங்கு நல ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சிலரைக் குதிரையின் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போகச் சொன்னார்கள். வேறு சிலரைக் குதிரை மேல் ஏறிப் போகச் சொன்னார்கள். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, நான்கு தடவை. மனிதருக்கும் குதிரைக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டியிருந்தார்கள். முதல் மூன்று நடையில் ஒன்றும் விசேஷமில்லை. நான்காவதுக்கு முன்னால், இந்த முறை கடந்து போகும்போது பக்கத்தில் சட்டென்று ஒரு குடை விரிக்கப்படும் என்று மனிதரிடம் மட்டும் சொல்லி வைத்தார்கள். குடையைக் கண்டால் குதிரை மிரண்டு என்ன செய்யும் என்பது குதிரை பழகியவர்களுக்குத் தெரியாதா? மனிதரின் இதயம் வேகமாகத் துடித்தது. கூடவே குதிரையின் இதயமும் வேகம் பிடித்தது. குடையைப் பற்றிக் குதிரைக்கு எதுவும் தெரியாது. தன்னோடு வரும் ஆள் எதற்கோ பயப்படுகிறார் என்பது மட்டும் அதற்கு எட்டிவிட்டது.

ஏறிப் போனவர்களிடம் இன்னொரு மாற்றமும் தெரிந்தது. குடைச் சேதியைக் கேட்டதும் கடிவாள வாரை அவர்கள் முன்னைவிடக் குறுக்கி இறுக்கிப் பிடித்தார்கள். கொடைக்கானல் ஏரிக்கரையில் முதல் தடவை குதிரை ஏறியவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். பயத்தில் வாரை நாம் இறுக்க இறுக்க, குதிரை தலையை உதறும். குதிரைக்காரர் கையைத் தளர்த்தச் சொல்லிச் சத்தம் போடுவார்.

மேலை நாடுகளில் இப்போது குதிரைகளைத் துணைக்கு வைத்து மனப்பதற்றத்துக்குச் சிகிச்சை தரும் பண்ணைகள் பெருகிவிட்டன. மனதை லேசாக்கும் வித்தையைக் குதிரையிடம் கற்கலாம் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குதிரை பிறவிப் பயந்தாங்கொள்ளி ஆயிற்றே! வேலியில் சிக்கிப் படபடக்கும் ஒரு பிளாஸ்டிக் பை போதும், அரை டன் எடையுள்ள பிராணி நாலுகால் பாய்ச்சலில் ஓட. இப்படிப்பட்ட ஜீவனிடம் நிம்மதியைப் பற்றிக் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். பயந்து முடித்த பிறகு அது என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

குதிரை இரையாகப் பிறந்த விலங்கு. நிலத்தில் வாழும் பாலூட்டிகளிலேயே மிகப் பெரிய கண்கள் கொண்டவற்றில் அதுவும் ஒன்று. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் அதற்குக் குருட்டுப் பகுதி. (பின்பக்கமாகப் போய் நிற்காதே என்று குதிரைக்காரர்கள் விரட்டுவது இதனால்தான்.) காதுகள் தனித்தனியே திரும்பும், ஒன்று முன்னால் வருபவரைக் கேட்க, மற்றொன்று பின்னால் இருக்கும் புதரைக் கேட்கும். தூக்கத்தில் பெரும்பகுதியை நின்றபடியே முடித்துவிடும். கனவுத் தூக்கத்துக்கு மட்டும் படுக்க வேண்டும். கூட்டத்தில் சில படுத்திருக்கும்போது ஒன்றாவது நின்று காவல் காப்பது வழக்கம்.

மனிதன் பழக்கிய குதிரையின் வரலாற்றிலும் பதற்றத்துக்கு ஓர் இடம் உண்டு. லுடோவிக் ஒர்லாண்டோ தலைமையிலான குழு பழங்காலக் குதிரை எலும்புகளின் மரபணுக்களை ஆராய்ந்து, இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதைகள் வோல்கா, டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளிகளிலிருந்து சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவியவை என்று 2021-இல் அறிவித்தது. அந்தக் கால வளர்ப்பில் அழுத்தமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மரபணுப் பகுதிகளில் ஒன்று முதுகு வலுவோடு தொடர்புடையது. இன்னொன்று, எலிகளில் மனநிலையையும் பதற்றத்தையும் பாதிப்பதாக அறியப்பட்டது. சுமக்க முதுகு வேண்டும், சும்மா சும்மா மிரளாத மனமும் வேண்டும். அன்றைய குதிரை வளர்ப்பவர்களுக்கு மரபணு தெரியாது. எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது தெரிந்திருக்கிறது.

புல்வெளியில் ஒரு குதிரை மிரளுவதைக் கடைசி வரை பார்க்க வேண்டும். முதலில் தலை விறைத்து மேலே எழும். காதுகள் ஒரே திசையில் குத்திட்டு நிற்கும், நாசி விரியும், மெல்லுவது பாதியில் நின்றுவிடும். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும் இதயம் சில நொடிகளில் நூறைத் தாண்டும். பிறகு ஓட்டம். ஆனால் கண்மண் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்காது. கொஞ்ச தூரம் போனதும் திரும்பி நின்று, எதற்காக ஓடினோம் என்று பார்க்கும். பின்னால் எதுவும் துரத்தி வரவில்லை என்று தெரிந்தால் கழுத்து மெல்லத் தாழும். உடம்பைச் சிலிர்த்து உதறும். வாயில் ஒன்றும் இல்லாமலே நாக்கால் உதட்டை நக்கி, தாடையை அசைத்து மெல்லும். மூக்கு வழியாகப் ‘புர்ர்ர்’ என்று ஒரு நீண்ட மூச்சு வெளியேறும். அப்புறம் புல்.

அந்த வெறும்வாய் மெல்லலைப் பயிற்சியாளர்கள் காலம் காலமாகக் கவனித்திருக்கிறார்கள். குதிரை அடங்கிவிட்டது, சொன்னதைப் புரிந்துகொண்டது என்று அதற்குப் பொருள் சொல்லி வந்தார்கள். நார்வே ஆய்வாளர்கள் எக்வடோரில் கட்டற்றுத் திரியும் குதிரைகளைப் பார்த்து 2018-இல் வேறு விளக்கம் தந்தார்கள். மனிதர் யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் அவை இப்படி மென்றன. பெரும்பாலும் ஒரு பதற்றமான தருணத்துக்கும் அதை அடுத்த தளர்ச்சிக்கும் நடுவில். பயத்தில் வாய் உலர்ந்துபோகும், பயம் விலகும்போது எச்சில் திரும்ப ஊறும். மேடை ஏறி இறங்கியவர்கள் தண்ணீருக்கு அலைவதும் இதே கணக்குத்தான். அதே ஆண்டில் பிரான்ஸின் ரென் பல்கலைக்கழகத்தினர் 48 குதிரைகள் விட்ட 560 ‘புர்ர்’களை எண்ணிப் பார்த்தார்கள். லாயத்தில் அடைந்து கிடந்தபோது விட்டதைவிட, மேய்ச்சலில் நிம்மதியாக இருந்தபோது விட்டவையே அதிகம். குதிரை மூச்சு விடுவதை எண்ணுவதும் ஒரு வேலையா என்று சிரிக்கலாம். ஆனால் குதிரைக்கு வாய் வழியாக மூச்சு விட முடியாது. அதன் மூச்சுக் கதை முழுவதும் மூக்கில்தான்.

குதிரையின் நெருங்கிய உறவான வரிக்குதிரையை வைத்து ராபர்ட் சபோல்ஸ்கி 1994-இல் ஒரு புத்தகமே எழுதினார். வரிக்குதிரைகளுக்கு ஏன் வயிற்றுப்புண் வருவதில்லை என்பதுதான் அதன் தலைப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து உயிரியலாளரான அவருடைய வாதம் இப்படிப் போகிறது: சிங்கம் துரத்தும்போது வரிக்குதிரையின் உடல் அவசரகால ஹார்மோன்களைக் கொட்டுகிறது. சில நிமிடங்களில் ஒன்று தப்பித்திருக்கும், அல்லது கதை முடிந்திருக்கும். எப்படியானாலும் அந்த ஹார்மோன்களின் வேலை தீர்ந்தது. மனிதனோ, அதே ஹார்மோன்களைச் சிங்கமே இல்லாமல் சுரக்க வைக்கிறான். வீட்டுக் கடன் தவணை, மகளின் நுழைவுத் தேர்வு, அலுவலகத்தில் மேலதிகாரி அனுப்பிய ‘நாளைக்குப் பேசணும்’ என்ற ஒற்றை வரி எல்லாமே போதும். துரத்தல் மாதக்கணக்கில் முடிவதே இல்லை.

ஆகவே குதிரை மாதிரி எதையும் நினைக்காமல் இரு என்று ஒருவருக்கு உபதேசம் செய்வது வீண் வேலை. தவணைத் தேதியை மறக்க மனிதனால் முடியாது, மறக்கவும் கூடாது. பயத்தின் பின்பாதியை உடம்பால் முடித்து வைப்பது மட்டும் குதிரைக்கும் மனிதனுக்கும் பொதுவானது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது, உள்ளிழுக்கும்போது கூடுகிறது. வேகஸ் என்ற நரம்பின் ஏற்பாடு அது. குதிரையேற்றம் கற்றுத் தருபவர்கள், மிரளப்போகும் குதிரை மேல் இருப்பவரிடம் முதலில் மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்வதில் காரணம் இருக்கிறது. இறுகிய தொடையும் நின்றுபோன மூச்சும் சேணத்தின் வழியே குதிரைக்குப் போய்ச் சேரும். கிரேக்கத் தளபதி செனஃபன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் எழுதிய குதிரையேற்றக் கையேட்டிலும் கோபத்தோடு குதிரையை நெருங்காதே என்கிறார். மிரண்ட குதிரையை அடித்தால், மிரட்டிய பொருளோடு வலியும் சேர்ந்துகொண்டு பயம் இரட்டிப்பாகும் என்றும் எச்சரிக்கிறார்.

மனித உடம்பைக் குதிரை எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கும் என்பதற்கு பெர்லினில் ஒரு பெரிய கூத்தே நடந்தது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டனின் குதிரை ஹான்ஸ், கூட்டல் கழித்தலுக்கு எல்லாம் குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1904-இல் ஒரு குழு வந்து சோதித்து, மோசடி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பிறகு ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் உட்கார்ந்து ஆராய்ந்ததில் விஷயம் வெளிவந்தது. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கையைக் குளம்பு நெருங்கும்போது கேட்பவரின் உடம்பு தன்னையறியாமல் இறுகியது. விடை வந்ததும் தலை இம்மியளவு அசைந்தது. ஹான்ஸ் படித்தது கணக்கை அல்ல, ஆளை. ரகசியத்தைக் கண்டுபிடித்த ஃபங்ஸ்டாலேயே தன் உடம்பின் அந்தச் சைகையை முழுதாக அடக்க முடியவில்லை. கணக்குப் போடும் குதிரையைவிட இது பெரிய அதிசயம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஊர் ஏனோ ஏமாந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது.

இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016-இல் 28 குதிரைகளுக்கு அறிமுகமில்லாத மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டினார்கள். கோபமுகத்தைக் கண்டதும் அவற்றின் இதயத் துடிப்பு விரைவாக ஏறியது. தலையைத் திருப்பி இடது கண்ணால் பார்த்தன. இடது கண் காண்பதை மூளையின் வலது பாதி அலசுகிறது, ஆபத்துகளை எடைபோடுவதும் பெரும்பாலும் அந்தப் பாதிதான்.

இந்தக் கூர்மையைத்தான் சிகிச்சையாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். தனக்குப் பதற்றமே இல்லை என்று சாதிப்பவரை மருத்துவர் நம்பக்கூடும். குதிரை நம்பாது, விலகிப் போய்விடும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுவல் நெரியா, புரூடன்ஸ் ஃபிஷர் ஆகியோர், போர்முனையிலிருந்து திரும்பி மன அதிர்ச்சி நோயால் அவதிப்பட்ட 63 முன்னாள் படைவீரர்களை எட்டு வாரம் குதிரைகளோடு பழகவிட்டார்கள். வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். யாரும் குதிரை மேல் ஏறவில்லை. அருகில் போவது, தடவிக் கொடுப்பது, உடம்பைத் தேய்த்துவிடுவது, நடத்திக்கொண்டு போவது, இவ்வளவுதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் பாதிப் பேருக்கு மேல் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. நடுவிலேயே சிகிச்சையைக் கைவிட்டவர்கள் மிகச் சிலரே. இந்த நோய்க்கான சிகிச்சைகளில் அது சாதாரண விஷயமல்ல. 2021-இல் வெளியான இந்த ஆய்வில் குதிரை இல்லாமல் வேறு சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழு கிடையாது. குணமானதில் குதிரையின் பங்கு எவ்வளவு, வெட்டவெளியின் பங்கு எவ்வளவு, ஒரே வலியை அறிந்த தோழர்களோடு வாரா வாரம் கூடியதன் பங்கு எவ்வளவு என்று இதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பண்ணைகளின் விளம்பரங்கள் இந்த இடத்தை மட்டும் லாகவமாகத் தாண்டிவிடுகின்றன.

தோழர்கள் என்ற சொல் குதிரைக்கும் பொருந்தும். டென்மார்க்கில் யான்னா விந்தர் கிறிஸ்டென்சன் குழு செய்த சோதனையில், பழகிய, அமைதியான குதிரையோடு ஜோடி சேர்ந்து பயமுறுத்தும் பொருளைச் சந்தித்த புதுக் குதிரைகள் குறைவாகவே மிரண்டன. பிறகு தனியாக அதைச் சந்தித்தபோதும் அந்தத் தைரியம் நீடித்தது. தெற்கு பிரான்ஸின் கமார்க் சதுப்பு நிலத்துக் குதிரைகளை ஆராய்ந்தவர்கள் 1993-இல் இன்னொன்றைப் பதிவு செய்தார்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிடும் இடம் கழுத்தும் முதுகும் சேரும் பிடரியடி. அந்த இடத்தை மனிதர் கையால் சொறிந்துவிட்டபோது குதிரையின் இதயத் துடிப்பு பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. உடம்பில் வேறு இடத்தைச் சொறிந்தபோது அப்படி ஆகவில்லை. குதிரையைச் சிநேகம் பிடிக்க நினைப்பவர்கள் மூக்கைத் தட்டிக்கொண்டு நிற்பதை விட்டுவிட்டுப் பிடரியடிக்குப் போகலாம்.

புல், கூட்டம், ஓட இடம். குதிரை பயத்தை உதறிவிட்டு நகர முடிவது இந்த மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான். மூன்றையும் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை லாயங்களில் பார்க்கலாம்.

வரிக்குதிரைக்கு வராத வயிற்றுப்புண் பந்தயக் குதிரைக்கு வாரி வழங்கப்பட்டிருக்கிறது. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளின் வயிற்றில் கேமரா குழாயை விட்டுப் பார்த்த ஆய்வுகள் சிலவற்றில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றுக்குப் புண் இருந்தது. குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், தீனி உள்ளே போனாலும் போகாவிட்டாலும். அதைத் தணிக்கும் எச்சில், மெல்லும்போது மட்டுமே வரும். காட்டில் இதனால் பிரச்சினை இல்லை, நாளின் பெரும்பொழுதை மேய்ச்சலிலேயே கழிக்கும் பிராணி அது. லாயத்தில் இரண்டு மூன்று வேளை தானியத்தை வைத்து, நடுவில் பல மணி நேரம் வெறும் வயிற்றோடு விட்டால் அமிலம் தன் வேலையைக் காட்டும். பாய்ச்சலில் ஓடும்போது வயிறு அழுத்தப்பட்டு, பாதுகாப்புப் பூச்சு இல்லாத மேல்பகுதிக்கு அமிலம் தெறிக்கும். தனியே அடைபட்ட குதிரைகளில் சில, கதவடியில் நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். சில, மரச்சட்டத்தைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்கும். இவற்றைக் கெட்ட பழக்கம் என்று சொல்லிவந்த காலம் போய்விட்டது.

அமெரிக்காவின் சீபிஸ்கட் இப்படிக் கெட்டுப்போன குதிரைதான். 1933-இல் பிறந்தது. இரண்டு வயதிலேயே 35 பந்தயங்களில் ஓடவிட்டார்கள். சார்ல்ஸ் ஹோவர்ட் என்ற கார் வியாபாரி 1936-இல் 8,000 டாலருக்கு வாங்கியபோது அது எலும்பும் தோலுமாக இருந்தது. தீனியைத் தொடாது, லாயத்துக்குள் ஓயாமல் சுற்றும், ஆளைக் கண்டால் பாயும். அதிகம் பேசாத பயிற்சியாளர் டாம் ஸ்மித் சாட்டையை எடுக்கவில்லை, ஆட்டைக் கொண்டுவந்தார். பதறும் குதிரைக்கு ஆட்டைத் துணைக்கு விடுவது பந்தய லாயங்களில் பழைய வழக்கம். அன்று மாலையே சீபிஸ்கட் அந்த ஆட்டைப் பல்லால் கவ்வி உலுக்கி, அரைக்கதவுக்கு மேலே தூக்கி வெளியே எறிந்துவிட்டது.

ஸ்மித் அடுத்து பம்ப்கினை அழைத்து வந்தார். மாடு மேய்க்கும் பண்ணையில் வேலை பார்த்து மூப்படைந்த மஞ்சள் குதிரை. காளை முட்டிய தழும்பு பின்புறத்தில் அப்படியே இருந்தது. உலகத்தில் இனி தன்னை மிரட்ட எதுவும் பாக்கியில்லை என்பது போன்ற சுபாவம். இரண்டு கொட்டடிகளுக்கும் நடுவில் இருந்த சுவரை ஸ்மித் இடித்துவிட்டார். சீபிஸ்கட் பம்ப்கினை எறியவும் இல்லை, கடிக்கவும் இல்லை. ரயிலில் போனாலும் லாயத்தில் தங்கினாலும் இரண்டும் சேர்ந்தே இருந்தன. பின்னாளில் ஒரு தெரு நாயும் ஒரு குரங்கும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துகொண்டன. காலையில் சீபிஸ்கட் தானாக எழும்வரை எழுப்பக் கூடாது என்றும் ஸ்மித் உத்தரவு போட்டிருந்தார். தேறிய குதிரை 1938 நவம்பர் 1 அன்று பிம்லிகோ மைதானத்தில் வார் அட்மிரல் என்ற குதிரையைத் தோற்கடித்தது. வார் அட்மிரல் உறவுமுறையில் சீபிஸ்கட்டுக்குச் சித்தப்பா, வயதில் ஒரு வருடம் சின்னவன். சித்தப்பனின் தகப்பன், அதாவது சீபிஸ்கட்டின் தாத்தா, மேன் ஓ’ வார் என்ற புகழ்பெற்ற குதிரை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் படைவீரர் சிகிச்சைத் திட்டத்துக்குச் சூட்டியிருப்பதும் அந்தத் தாத்தாவின் பெயரைத்தான்.

பம்ப்கின் போன்ற துணை எல்லா லாயத்துக்கும் வாய்க்காது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினர் தலையாட்டும் குதிரைகளின் கொட்டடியில் ஒரு கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்கள். தன் பிம்பத்தை இன்னொரு குதிரை என்று எண்ணியதோ என்னவோ, ஆட்டம் வெகுவாகக் குறைந்தது என்று 2002-இல் எழுதினார்கள். வயிற்றுப்புண்ணுக்குக் கால்நடை மருத்துவர்கள் கொடுப்பது ஓமிப்ரசோல். அலுவலகம் போகும் எத்தனையோ பேர் காலையில் வெறும் வயிற்றில் விழுங்குகிற அதே மருந்துதான். அளவு மட்டும் பெரியது. கூடவே பகல் முழுக்கக் கடிக்க வைக்கோல், பார்வைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு குதிரை, தினமும் சில மணி நேரமாவது திறந்தவெளி என்று எழுதிக் கொடுப்பார்கள். மருந்தில் சில வாரங்களிலேயே புண் ஆறிவிடும். பட்டியலில் உள்ள மற்றவற்றைச் செய்யாத லாயங்களில், மருந்தை நிறுத்தியதும் புண் திரும்பவும் வந்துவிடுகிறது.